எல்லைக்கோடு போட்ட பெட்டிஷன் நைனா

ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் நடுவே எல்லைக்கோடு போட்டது யார் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டால் ஏதோ கமிட்டி, ஏதோ சட்டம் என்று சொல்வார்கள். அதெல்லாம் தப்பு. அந்தக் கோட்டைப் போட்டவர், சித்தூர் கோர்ட்டுக்கு எதிரே சோடாக் கடை மாடியில் ஒரு டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெட்டிஷன் நைனா. இது என் கருத்து அல்ல, பெட்டிஷன் நைனாவின் கருத்து. இருபத்தைந்து வருஷம் அவர் இதை நம்பினார். அதற்காக வெட்கப்பட்டார். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டார்.

நைனா என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா. அவருக்குப் பிள்ளைகுட்டி கிடையாது, ஆனாலும் ஊரே அவரை நைனா என்றது. சொந்தப் பெயர் கதவில் மாட்டியிருந்த போர்டில் இருந்தது. அந்தப் போர்டின்மேல் எப்போதும் அவருடைய ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்ததால், அங்கே வேலை பார்த்த எனக்கே அந்தப் பெயர் தெரியாது.

ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்த புதிது. சித்தூர் ஜில்லா ஆந்திராவோடு போய்விட்டது. ஆனால் நகரி, புத்தூர், திருத்தணி பக்கத்து ஊர்களில் ஒரு தெரு தமிழ் பேசும், அடுத்த தெரு தெலுங்கு பேசும், டீக்கடை இரண்டையும் பேசும். எல்லையைத் திருத்தப்போகிறார்கள், விசாரிக்க ஆபீசர் வருகிறார் என்று பேச்சு கிளம்பியதும், ‘எங்களை மெட்ராஸோடு சேர்’ என்று சில ஊர்களும், ‘எங்களை இங்கேயே விடு’ என்று சில ஊர்களும் மனுப் போடக் கிளம்பின. எழுத வந்தது எல்லாம் நைனாவிடம்தான். எந்தப் பக்கத்துக்கு எழுதுகிறோம் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. காலையில் மெட்ராஸ் போகவேண்டியவர்கள் வரலாம். சாப்பாட்டுக்குப் பிறகு ஆந்திராவில் இருக்கவேண்டியவர்கள் வரலாம். இரண்டு கட்சியும் மாடிப்படியில் மோதிக்கொள்ளக் கூடாது என்பதற்காக நடுவில் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குவார்.

மனு இங்கிலீஷில் இருக்கும். அறையின் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே நைனா சொல்லுவார். கடைசிப் பத்தி வரும்போது அவருக்கு அழுகை வந்துவிடும். காலையில் மெட்ராஸுக்காக அழுவார், மத்தியானம் ஆந்திராவுக்காக அழுவார். இரண்டும் நிஜமான அழுகை. ஒரே துண்டில் துடைத்துக்கொள்வார்.

ஒருமுறை ஒரு ஊரின் எதிர்க்கட்சிக்காரர்கள், முதல் கட்சி போட்ட மனுவின் நகலோடு வந்து, இதற்கு மறுப்பு எழுதித் தரவேண்டும் என்றார்கள். அந்த முதல் மனுவை எழுதியதும் நைனாதான். படித்துப் பார்த்தார், முகம் சிவந்துவிட்டது.

“எவன்டா எழுதினது இதை? மனு எழுதத் தெரியாத கழுதை. எஸ்தரம்மா, பேப்பரைப் போடு,” என்று டைப் அடிக்கும் பெண்ணிடம் சொல்லிவிட்டு நாலு பக்கத்துக்குக் கிழிகிழியென்று கிழித்தார். அடுத்த வாரம் முதல் கட்சி அந்த மறுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தது. நைனா அதையும் படித்தார். “கெட்டிக்காரன் எழுதியிருக்கான். ஆனா திமிரு ஜாஸ்தி,” என்று சொல்லிவிட்டு மூன்றாவது மனுவை ஆரம்பித்தார்.

இப்படி மாடு மாதிரி உழைத்தும், அவர் எழுதிய மனு ஒன்றுக்குக்கூட எந்த ஆபீசிலிருந்தும் பதில் வந்தது கிடையாது. மாடிப்படியில் தபால்காரர் காலடிச் சத்தம் கேட்டால் நைனா எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார். தபால்காரர் பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு இறங்கிப் போவார். நைனா பொத்தானைக் கழற்றிவிட்டு உட்காருவார்.

அவரிடம் நாங்கள் மூன்று பேர் வேலை பார்த்தோம். எங்களில் மூத்தவள் எஸ்தர் அக்கா. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு டைப் கற்றுக்கொண்டு வந்தவள். நைனா வாயில் வருவதற்கு முன்பே அடித்து முடித்துவிடுவாள். அடுத்தவன் சுப்புராயன் என்கிற சுப்புரு. நகரிப் பக்கத்து விவசாயி மகன். மைப் பலகையைத் தூக்கிக்கொண்டு சந்தை சந்தையாகப் போய் ஊர்க்காரர்களிடம் கைரேகை வாங்கி வருவது அவன் வேலை. மூன்றாவது ஆள் நான். காகிதங்களை அடுக்கித் தைப்பது என் உத்தியோகம். எனக்கு அதைவிடக் கஷ்டமான வேலை எதையும் நைனா நம்பிக் கொடுத்ததில்லை.

அந்த ஆபீசில் இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, எதுவானாலும் மூன்று காப்பி. மனுவுக்கு மட்டுமல்ல, ஊருக்குப் போயிருக்கும் மனைவிக்கு எழுதும் கடிதத்துக்கும் மூன்று காப்பிதான். ஒன்று மனைவிக்கு, ஒன்று மாமனாருக்கு, ஒன்று ஃபைலுக்கு. இரண்டாவது சட்டம், ‘முதல்ல கை, அப்புறம் கதை.’ சந்தை நாளில்தான் ஊர்க்காரர்கள் ஒன்றாகக் கிடைப்பார்கள் என்பதால், வெற்றுத் தாளில் முதலில் எல்லாருடைய ரேகையையும் வாங்கிவிட வேண்டும். மனுவை நிதானமாக எழுதிப் பிறகு சேர்த்துத் தைத்துக்கொள்ளலாம். எந்த ஊர்க் கட்டு என்று தெரிவதற்காக ஒரு சின்னச் சீட்டில் ஊர்ப் பெயரை எழுதி, கட்டின்மேல் வைத்துக் கருவேல முள்ளால் குத்தி வைப்போம். குண்டூசி வாங்க நைனாவுக்கு மனசு வராது.

இந்தக் கதைக்கு முக்கியமான ஒரு ரேகையை இப்போதே சொல்லிவிடுகிறேன். குட்டைமேடு என்ற ஊரில் முனுசாமி என்று ஒருவர். கரும்பு ஆட்டும்போது இடது கை கட்டைவிரலை ஆலைக்குக் கொடுத்துவிட்டவர். புத்தூர் சந்தையில் ரேகை வாங்கப் போன சுப்புரு கொஞ்சம் யோசித்துவிட்டு, அவருடைய இடது கால் கட்டைவிரலில் மையைத் தடவித் தாளில் வைத்துவிட்டான். மூன்று காப்பி என்பதால் முனுசாமி மூன்று முறை ஒற்றைக்காலில் நின்றார்.

நைனா விசாரணை வைத்தார். “இன்னாடா இது, கால் ரேகை?”

“இடது கட்டைவிரல்னுதான நைனா சொன்னீங்க. கையா காலான்னு சொல்லலையே.”

நைனா அசந்துபோனார். “லா படிச்சவன்கூட இப்படி யோசிக்கமாட்டான்டா,” என்று அவனுக்கு அன்றைக்குத் தன் மோரைக் கொடுத்தார்.

மோர் கொடுத்ததற்கு அரை மணி கழித்து அவனை வேலையை விட்டு நீக்கினார். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தினம் சாயங்காலம் எங்கள் மூன்று பேரையும் நீக்குவது அவர் வழக்கம். எஸ்தர் அக்காவை மார்ஜின் கோணலுக்காக நீக்குவார். என்னைத் தையல் கோணலுக்காக நீக்குவார். சுப்புருவை என்ன காரணமோ அதற்காக நீக்குவார். நைனா டிக்டேட் செய்வது இங்கிலீஷில், சாப்பாடு கேட்பது தமிழில், ஆளை நீக்குவது மட்டும் தெலுங்கில். நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது மேலிருந்து குரல் வரும்: “ரேப்பு தொம்மிதிக்கி ரா.” நாளைக்கு ஒன்பது மணிக்கு வா என்று அர்த்தம். அந்தக் குரல் வராமல் நாங்கள் ஒருநாளும் தெருவைத் தாண்டியதில்லை.

அப்புறம் நைனா ஒரு டேபிள் ஃபேன் வாங்கினார்.

சித்தூர் வெயிலில் அது நியாயமான ஆசைதான். மாலை போட்டுக் கற்பூரம் காட்டி மேஜைமேல் வைத்தார். யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, எஸ்தர் அக்காவையும் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். நான் தொட்டேன். தொட்டது மட்டுமல்ல, நேராக மூன்றாம் நம்பரில் வைத்தேன்.

மேஜைமேல் அன்றைக்கு இரண்டே கட்டுகள் இருந்தன. ஒன்று குட்டைமேடு, அவர்களுக்கு மெட்ராஸ் போகவேண்டும். இன்னொன்று ஏரிக்கொல்லை, அவர்களுக்கு ஆந்திராவிலேயே இருக்கவேண்டும். கட்டுகள் அசையவில்லை. முள்ளில் குத்தியிருந்த இரண்டு சீட்டுகள் மட்டும் பிய்த்துக்கொண்டு பறந்து தரையில் உட்கார்ந்தன. எது எதிலிருந்து பறந்தது என்பதை நான் பார்க்கவில்லை, என் முகம் காற்றை வாங்கிக்கொண்டிருந்தது. முனுசாமியின் கால் விரலைத் தேடினால் கண்டுபிடித்துவிடலாம் என்று இரண்டு கட்டுகளையும் புரட்டினேன். பயத்தில் எல்லா விரலும் கால் விரல் மாதிரியே தெரிந்தது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு கட்டுக்கொரு சீட்டைக் குத்தினேன். சாயங்காலம் மனுக்களைச் சேர்த்துத் தைத்தேன். மறுநாள் மூன்று காப்பியில் இரண்டு தபாலில் போனது, மூன்றாவது நைனாவின் தகரப்பெட்டிக்குள் போனது.

இரண்டு மூன்று வருஷம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு எல்லை முடிவானது. மெட்ராஸ் போகவேண்டும் என்று கேட்ட குட்டைமேடு ஆந்திராவில் நின்றது. ஆந்திராவில் இருக்கவேண்டும் என்று கேட்ட ஏரிக்கொல்லை மெட்ராஸுக்குப் போய்விட்டது. குட்டைமேட்டுக்காரர்கள் நாலு பேர் மாடியேறி வந்து, “இன்னா எழுதினியோ, கொஞ்சம் மாத்தி எழுதியிருந்தா சேர்த்திருப்பாங்களோ இன்னாவோ,” என்று அலுத்துக்கொண்டு போனார்கள்.

நைனா ரொம்ப நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கை மாறிப்போச்சு. குட்டைமேட்டான் கையை ஏரிக்கொல்லை மனுவுல தெச்சிருக்கோம்,” என்றார்.

எஸ்தர் அக்கா தகரப்பெட்டியைத் திறந்து மூன்றாவது காப்பியைப் பார்த்துவிடலாமே என்றாள். நைனா வேண்டாம் என்றுவிட்டார். “கோடே போட்டுட்டாங்க. அதைவிட அத்தாட்சி வேணுமா?”

கட்டுகளைக் கொண்டுவந்தவன் சுப்புரு என்பதால் சுப்புருவைப் பார்த்தார். சுப்புரு தரையைப் பார்த்தான். நான் ஃபேனைப் பார்த்தேன். நைனா தெலுங்கில் அவனை நீக்கினார். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். நானும் எஸ்தர் அக்காவும் மேலிருந்து குரல் வரும் என்று காத்திருந்தோம். அவன் படியில் இரண்டு முறை நின்றான். குரல் வரவில்லை. நான் வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை.

மனுக்காலம் முடிந்ததும் ஆபீஸும் முடிந்தது. எஸ்தர் அக்கா மேலே படிக்கப் போனாள். நான் மெட்ராஸுக்கு வந்து பத்திரிகைகளில் எழுத ஆரம்பித்தேன். நைனா எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் அவர் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கும்.

இருபத்தைந்து வருஷம் கழித்து ஒருநாள் என் பத்திரிகை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு ஒரு மனுவை நீட்டினார். ‘தங்கள் பத்திரிகையில் எழுதிவரும் மேற்படி நபர் என்னுடைய ஊழியர். லீவு எழுதிக்கொடுக்காமல் போனவர். தாங்கள் கருணைகூர்ந்து அவரைத் திருச்சானூருக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.’ மூன்று காப்பி இருந்தது. ஆசிரியர் இரண்டு நாள் சிரித்துவிட்டு லீவு கொடுத்தார்.

திருச்சானூர் கோயிலுக்குப் பின்னால், ஒரு பழைய லாட்ஜின் மாடியில் நைனா மாத வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருந்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார். அறை வாசலில் சரிகைக்கரைப் புடவையில் ஒரு அம்மாள் கைப்பையோடு நின்றாள். எஸ்தர் அக்கா. பெண்கள் கல்லூரிக்கு பிரின்சிபால். அவள் வராந்தாவில் நடந்தால் லெக்சரர்களே வகுப்புக்குள் ஓடி ஒளிவார்களாம். அவளுக்குப் பக்கத்தில் ஒட்ட வெட்டிய நரைத் தலையும் பெரிய மீசையுமாக ஒருவன். மீசைக்குப் பின்னால் இருந்தது சுப்புரு. இரண்டு பேருக்கும் என்னைப் போலவே மனு வந்திருந்தது. நைனா துரத்திய பிறகு போலீஸில் சேர்ந்து, படிப்படியாக ஏறி, ஹைதராபாத்தில் கைரேகைப் பிரிவுக்குத் தலைவனாகியிருந்தான். அவன் சாட்சி சொன்னால் கோர்ட்டில் மறுபேச்சு இல்லையாம். மையையும் விரலையும் விடாமல் பிடித்துக்கொண்டு ஒருவன் இவ்வளவு உயரம் போவான் என்று யார் நினைத்தது.

கதவு திறந்தது. மெலிந்து, கண்ணில் புரை விழுந்து, அதே மாதிரி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நைனா நின்றார்.

“மூணு பேரும் வந்துட்டீங்களா. செருப்பை வரிசையா விடுங்க,” என்றார். பிறகு உத்தியோக விசாரணை நடந்தது. பிரின்சிபால் என்றதும் எஸ்தர் அக்காவிடம், “மார்ஜின் நேரா விடறியா?” என்றார். கல்லூரியே நடுங்கும் அந்த அம்மாள், “விடறேன் நைனா,” என்றாள். என்னிடம் திரும்பினார்.

“நீ இன்னா பண்ற?”

“எழுதறேன் நைனா.”

“யாருக்கு?”

“பொதுவா... எல்லாருக்கும்.”

“அட்ரஸ் இல்லாத மனு,” என்றார் எஸ்தர் அக்காவைப் பார்த்து. “இன்னா வேணும்னு கேட்டு எழுதறே?”

“ஒண்ணும் கேட்கறதில்லை நைனா.”

“அப்ப எதுக்கு எழுதறே?”

சுப்புருவிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை, அவன் உத்தியோகம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்தார். உள்ளே அந்த இரண்டு மனுக்களின் மூன்றாவது காப்பிகளும் இருந்தன. அவற்றுக்குமேல் ஒரு புது மனு. குட்டைமேடு ஊராருக்கு எழுதிய மன்னிப்பு மனு.

“கண்ணு ஆப்பரேஷனுக்கு முன்னாடி இதை முடிச்சிரணும்னு பார்க்கறேன். நாளைக்கு நாம நாலு பேரும் குட்டைமேட்டுக்குப் போறோம். ஆபீஸ் தப்பு பண்ணா ஆபீஸே போய் நிக்கணும்,” என்றார். பிறகு குரல் மாறியது. “எத்தினி மனு எழுதினேன்டா. ஒண்ணுக்காவது பதில் வந்துச்சா? குப்பையில போட்டுட்டாங்கன்னுதான் நினைச்சிக்கினு இருந்தேன். ஆனா இந்த ரெண்டை மட்டும் படிச்சிருக்காங்க. நாம மாத்தித் தெச்சதை எழுத்துக்கு எழுத்து படிச்சி, அதும்படி கோடு போட்டிருக்காங்க. ஒரு ஊரை அந்தப் பக்கம், ஒரு ஊரை இந்தப் பக்கம். பாவம்தான். ஆனா படிச்சிருக்காங்க இல்ல?”

புரை விழுந்த கண்ணோடு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எஸ்தர் அக்கா கைப்பையில் எதையோ தேடினாள்.

“அத்தாட்சி இல்லாம மன்னிப்பு கேட்கக்கூடாது,” என்று நைனா காப்பிகளை எடுத்துச் சுப்புருவிடம் நீட்டினார். “உங்கிட்டதான் பூதக்கண்ணாடி கீதே. முனுசாமி கால் எந்த மனுவுல இருக்குதுன்னு பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடு.”

சுப்புரு சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் தாள்களை விரித்தான். நான் அவன் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன். தூக்குத் தண்டனைக் கைதி கயிற்றை எட்டிப் பார்ப்பது போலத்தான். கண்ணாடி வரிசை வரிசையாக நகர்ந்தது, ஓர் இடத்தில் நின்றது. பெரிய, அகலமான ரேகை. என் கண்ணுக்கே இப்போது அது கால் என்று தெரிந்தது. அந்தக் காப்பியின் முதல் பக்கத்துக்குத் திருப்பினான். குட்டைமேடு மனு.

குட்டைமேட்டு முனுசாமியின் கால் குட்டைமேட்டு மனுவில்தான் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு குத்திய சீட்டு சரியான கட்டில்தான் விழுந்திருந்தது. எதுவும் மாறவில்லை. இருபத்தைந்து வருஷமாக நான் செய்யாத தப்புக்குப் பயந்துகொண்டிருந்தேன்.

எனக்கு அங்கேயே குதிக்கவேண்டும் போல இருந்தது. அதே நிமிஷத்தில் மிச்சமும் புரிந்தது. மனு சரியாகத்தான் போயிருக்கிறது. குட்டைமேடு மெட்ராஸ் கேட்டது, கிடைக்கவில்லை. ஏரிக்கொல்லை ஆந்திரா கேட்டது, கிடைக்கவில்லை. மற்ற மனுக்களைப் போலவே இந்த இரண்டையும் யாரும் மதிக்கவில்லை. ஒருவேளை பிரித்துக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள்.

நைனா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

சுப்புரு கண்ணாடியைத் துடைத்தான், மறுபடியும் பார்த்தான், மறுபடியும் துடைத்தான். பிறகு சொன்னான்.

“மாறித்தான் போயிருக்குது நைனா. முனுசாமி கால் ஏரிக்கொல்லை மனுவுல இருக்குது. நான்தான் மாத்திட்டேன். என் தப்பு.”

வாழ்க்கையில் ஒரு ரேகையைப் பற்றியும் பொய் சொல்லாதவன், அதைத் தாளில் எழுதி, பதவியும் போட்டுக் கையெழுத்திட்டான். நான் வாயைத் திறந்தேன். அவன் என் தொடையில் கிள்ளினான். போலீஸ் கிள்ளு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

“நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல?” என்றார் நைனா. அவர் முகத்தில் இருந்தது வருத்தம் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை புத்தூர் பஸ்ஸில் நைனாவும் எஸ்தர் அக்காவும் முன்சீட்டில், நானும் சுப்புருவும் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தோம். நான் ஃபேன் கதையை அவனிடம் முழுக்கச் சொன்னேன். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“தெரியும்,” என்றான்.

“எப்படிடா?”

“நீ முழங்கால் போட்டு சீட்டைப் பொறுக்கிக்கினு இருந்தப்ப நான் வாசப்படியில நின்னுக்கினு இருந்தேன்.”

“அப்ப ஏன்டா சொல்லலை? உன் வேலை போச்சே.”

“சொன்னா உன்னை அனுப்பியிருப்பாரு. என்னை அனுப்பினா நான் எங்கியாச்சும் போய்ப் பொழைச்சிக்குவேன். நீ எங்க போவ? உனக்கு இன்னா தெரியும்?”

நியாயமான கேள்வி. என் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவனே மறுபடி பேசினான்.

“வேலை போனது பெருசில்லடா. அன்னிக்குப் படியில நின்னு பார்த்தேன். கூப்பிடலை. அதான்.”

குட்டைமேட்டில் பால் சொசைட்டி வாசலில் கூட்டம் சேர்ந்தது. முனுசாமி உயிரோடு இருந்தார், பேரன் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். நைனா நின்றுகொண்டு மன்னிப்பு மனுவை முதலில் தமிழில் படித்தார், பிறகு தெலுங்கில் படித்தார். இந்த ஊரை ஆந்திராவில் நிறுத்திய குற்றம் தன்னுடையது என்றார். கடைசிப் பத்தியில் வழக்கம்போல அழுதார். ஊர் திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தது.

“எந்த மனு?” என்றார் முனுசாமி.

“நீ காலு வெச்ச மனு.”

“அதுவா. மூணு தபா ஒத்தக்கால்ல நிக்க வெச்சானே இந்தப் பையன், அதுக்குத்தான் மன்னிப்புக் கேட்க வந்திருக்கீங்கன்னு நினைச்சேன்.” பிறகு நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “என் பொண்ணை ஏரிக்கொல்லையிலதான் குடுத்திருக்கேன். காலையில போய் துன்னுட்டு சாயந்திரம் வந்துடறேன். கோடு எங்க கீதுன்னு கண்டக்டருக்கே தெரியாது. நீங்க வேற.”

கூட்டத்தில் ஒரு பெண் முன்னால் வந்தாள். “பெட்டிஷன் எழுதறவராமே நீங்க? பஸ்ஸு எங்க ஊர்ல நிக்கறதே இல்ல. கை காட்டினா வேகமாப் போறான். அதுக்கு ஒண்ணு எழுதிக் குடுங்களேன்.”

நைனாவின் அழுகை நின்றது. முதுகு நிமிர்ந்தது. பையைத் திறந்து மைப் பலகையை எடுத்தார். அதை எதற்குக் கொண்டுவந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. “முதல்ல கை,” என்றார்.

கைரேகைப் பிரிவின் தலைவன் பால் சொசைட்டி வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஊராரின் விரல்களைப் பிடித்து உருட்டினான். பிரின்சிபால் அம்மாள் பால் கேனைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் தாளை வைத்து எழுதினாள். நான் முள் தேடிப் போனேன். முனுசாமி யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார். மூன்று காப்பி. பஸ் எங்கள் மனுவுக்கு நின்றதா என்று கேட்காதீர்கள், திரும்பி வரும்போது நாங்களே ஒரு மைல் நடந்துபோய்த்தான் ஏறினோம்.

சாயங்காலம் திருச்சானூர் அறையில் நைனா கட்டிலில் சாய்ந்தார். மனுவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார். மார்ஜின் கோணல் என்று எஸ்தர் அக்காவை நீக்கினார். தையல் கோணல் என்று என்னை நீக்கினார். இரண்டு பேரிடமும் மறுநாள் ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்.

“சுப்புரு.”

“நைனா.”

“நாலாவது வரியில ஒரு விரல் நழுவியிருக்குது. வேலைக்கு லாயக்கில்லாதவன். வெள்ளு.” வெள்ளு என்றால் தெலுங்கில் போ.

சுப்புரு செருப்பை மாட்டிக்கொண்டான். போலீஸ் உடம்பு, நடையில் அவசரமில்லை. படியில் ஒன்று இறங்கி நின்றான். இன்னொன்று இறங்கி நின்றான். நானும் எஸ்தர் அக்காவும் நைனாவின் முகத்தையே பார்த்தோம். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

“ரேப்பு தொம்மிதிக்கி ரா,” என்றார்.

படியிலிருந்து, “சரி நைனா,” என்று பதினாறு வயசுப் பையன் குரல் ஒன்று கேட்டது.

சுப்புருவுக்கு அன்றைக்கே ஹைதராபாத் ரயிலில் டிக்கெட் இருந்தது. எஸ்தர் அக்காவுக்கு மறுநாள் கல்லூரி. எனக்குக் கட்டுரை கொடுக்கவேண்டிய கெடு. மறுநாள் காலை மூன்று பேரும் அவர் அறை வாசலில் நின்றோம். நைனா கதவைத் திறந்து, கடிகாரத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“ஒம்போதுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்குது. வெளியவே நில்லுங்க,” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

நின்றோம். அந்தப் பத்து நிமிஷம் போல ஒரு பத்து நிமிஷம் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.